ஒளி: சித்தப்பா, ஒலி: அப்பாயி

தமிழக வரலாற்றில் களப்பிரர் காலத்தை இருண்ட காலம் என்று எங்கள் பாடப் புத்தகத்தில் போட்டிருந்தது. அதற்கு அடுத்த இருண்ட காலம் 1980களில் பட்டுக்கோட்டைப் பக்கம் வந்தது. முழு இருட்டு என்று சொல்லிவிட முடியாது. கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. புள்ளிகளுக்குப் பின்னால் யாரோ நடமாடினார்கள். அவர்கள் யார், எதற்காக ஓடுகிறார்கள், ஏன் அழுகிறார்கள் என்பதையெல்லாம் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னவள் எங்கள் அப்பாயி. அவளுக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. பெட்டியில் வந்தவர்களுக்குத் தமிழைத் தவிர மற்ற எல்லாம் தெரிந்திருந்தது.

மெட்ராசுக்கு 1975 ஆகஸ்ட் 15 அன்றே தொலைக்காட்சி நிலையம் வந்துவிட்டது. ஆனால் அதன் அலைகள் எங்கள் ஊர் வரை வர மனம் வைக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தது இலங்கை. ஜப்பான் அரசின் உதவியோடு 1982 பிப்ரவரியில் ரூபவாகினி தொடங்கியது. இலங்கையின் மிக உயரமான பிதுருதலாகலை மலை மீது அதன் ஒளிபரப்புக் கோபுரம். அங்கிருந்து கிளம்பிய படம், அனுமார் போன வழியில் எதிர்த்திசையாகக் கடலைத் தாண்டி எங்கள் ஓட்டு வீட்டுக்குள் இறங்கியது.

அப்பா தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. அவர் வாங்கிய கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு நான்கு கால், இழுத்துச் சாத்தும் கதவு, பூட்டு, சாவி எல்லாம் உண்டு. டி.வி. வைத்திருக்க லைசென்ஸ் தேவைப்பட்ட காலம் அது. 1980களின் நடுவில்தான் அதை ஒழித்தார்கள். துப்பாக்கிக்கும் டி.வி.க்கும் லைசென்ஸ் கேட்கிறார்கள் என்றால் இரண்டும் ஒரே அளவு ஆபத்தாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டிய அப்பா, சாவியைப் பூணூல் போட்டவர் பூணூலில் முடிவதைப் போல அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

பெட்டியை வாங்கியவர் கலருக்கும் ஒரு வழி செய்தார். திரை மேல் ஒட்டும் கலர்த் தாள் கடைத்தெருவில் விற்றது. மேலே நீலம், நடுவில் ஆரஞ்சு, கீழே பச்சை. யார் வந்து நின்றாலும் நீலத் தலை, ஆரஞ்சு வயிறு, பச்சைக் கால். படுத்தால் ஆள் முழுக்கப் பச்சை. இதனால் செத்தவர்களை அடையாளம் காண்பது எங்களுக்கு எளிதாக இருந்தது.

பார்க்க வருகிற பிள்ளைகளிடம் சில வீடுகளில் நாலணா, பத்துப் பைசா வாங்கினார்கள். அப்பாயி காசு வாங்கமாட்டாள். வாசலில் ஒரு முறத்தில் புளி, இன்னொரு முறத்தில் சின்ன வெங்காயம் வைத்திருப்பாள். கொட்டை எடுத்தால் தரையில் இடம். உரித்தால் பாயில் இடம். தெருவின் ஒரு வருடப் புளி அந்த டி.வி.யின் முன்னால்தான் சுத்தமானது. வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்ததால் சோகக் காட்சிகள் எல்லாம் எங்கள் வீட்டில் பிரமாதமாக எடுபட்டன. சண்டைக் காட்சிக்கும் அழுதோம் என்பதுதான் ஒரு குறை.

எங்கள் முதல் கதாநாயகன் ஒரு முயல். டைட்டஸ் தோட்டவத்த என்ற சிங்களத் திரைப்பட இயக்குநர் ரூபவாகினியில் குரல் மாற்றும் பிரிவைக் கவனித்துக்கொண்டார். அமெரிக்காவில் பிறந்த பக்ஸ் பன்னியை அழகான சிங்களம் பேச வைத்தது அவர்தான். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஒரு குண்டன் துரத்துகிறான். முயல் வளைக்குள் ஓடுகிறது. அந்தப் பக்கம் பெண் வேடத்தில் வருகிறது. அவனுக்கே ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போகிறது. எதற்காக இதெல்லாம்?

"கடன் வாங்கிருக்கு" என்றாள் அப்பாயி.

"முயலா அப்பாயி?"

"பின்ன? அந்தக் குண்டன் வட்டிக்குக் குடுத்தவன். இது திருப்பித் தரல. நம்ம மேலத்தெரு ஆளு போன வாரம் எப்படிக் கொல்லைப்பக்கமா ஓடினாரு, பாத்தியில்ல?"

அன்று முதல் அந்தக் கார்ட்டூனில் எங்களுக்குப் புரியாத கட்டமே இல்லை. ஒளிவது, வேஷம் போடுவது, நயந்து பேசுவது, கடைசியில் குண்டனின் துப்பாக்கியே வெடித்து அவன் முகத்தில் கரி அப்புவது, எல்லாம் வட்டிக் கணக்கில் கச்சிதமாகப் பொருந்தின. பின்னாளில் ஆங்கிலத்தில் அதைப் பார்த்தபோது, வெறும் முயல் வேட்டை என்று தெரிந்து எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவ்வளவு பெரிய கம்பெனிக்கு ஒரு நல்ல கதை கிடைக்கவில்லையா?

1987 வாக்கில் கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷனின் சக்திவாய்ந்த ஒளிபரப்பி வந்தது. மெட்ராஸ் நிகழ்ச்சிகள் தென் மாவட்டங்களுக்கும் கிடைக்கத் தொடங்கின. அதுவரை தெற்கே பார்த்து நின்ற ஆண்டெனாக்கள் ஒரே வாரத்தில் மேற்கே திரும்பின. தேர்தல் முடிவு வந்த மறுநாள்கூட எங்கள் ஊரில் இத்தனை பேர் ஒரே சமயத்தில் திசை மாறியதில்லை.

இங்கேதான் சித்தப்பா வரலாற்றில் நுழைகிறார். சித்தப்பா 1965இல் மாணவராக இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கலந்துகொண்டவர். கறுப்புச் சட்டைக்காரர். சுயமரியாதை இயக்கப் பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரியின் பேச்சுகளை அப்படியே சொல்லிக்காட்டுவார். 'ராமாயணம்' என்றாலும் ஆகாது, இந்தி என்றாலும் ஆகாது. ராமானந்த் சாகர் இரண்டையும் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுவந்தார். 1987 ஜனவரியில் தொடங்கி 1988 ஜூலை வரை 78 பகுதிகள்.

சித்தப்பா தொடரைப் பார்க்க மறுத்தார். கூடத்தில் உட்காரவே மாட்டேன் என்றார். ஆனால் எங்கள் ஆண்டெனாக் குழாய் கடல் காற்றுக்கு நிற்காமல் சுற்றும். யாராவது பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் உயரமான ஆள் அவர். "பாக்கத்தானே மாட்டே? மேல போய் நில்லு" என்றாள் அப்பாயி. பெற்ற தாய் சொல்லைத் தட்ட பகுத்தறிவில் இடமில்லை போலும். இந்தியில் வந்த ராமாயணம் எங்கள் தெருவில் தடையின்றித் தெரிவதற்காக, ஒரு பெரியார் தொண்டர் மொட்டை வெயிலில் ஆண்டெனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாடியில் சித்தப்பா, முற்றத்தில் நான், கூடத்தில் சித்தி. "தெரியுதா?" என்ற கேள்வி மேலிருந்து கிளம்பி என் வழியாக உள்ளே போய், "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்ற பதிலாகச் சித்தியிடமிருந்து திரும்பும். யாருடைய இடது என்பது தொடர் முடியும்வரை தீரவில்லை. நடுநடுவே மேலிருந்து சொந்தக் கேள்விகளும் வரும்.

"என்னடா சத்தம் அங்கே?"

"பாலம் கட்டுறாங்க சித்தப்பா."

"டெண்டர் யாருக்காம்?"

"குரங்குக்கு."

"எல்லா ஊர்லயும் அப்படித்தான்டா."

ஒரு விசித்திரத்தை மட்டும் இங்கே பதிவு செய்ய வேண்டும். ராமர் பேசும் காட்சிகளில் எங்கள் வீட்டுத் திரையில் அடைமழை பெய்தது. ராவணன் சிரித்தபடி சபைக்குள் வந்தால் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் துல்லியமாக இருந்தது. ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியின் மீசையில் ஒவ்வொரு முடியும் எண்ணலாம். வாராவாரம் இப்படித்தான். கேட்டால், "நான் என்னடா பண்றது, காத்து அப்படி அடிக்குது" என்றார் சித்தப்பா. வங்கக் கடல் காற்றுக்குத் திராவிட உணர்வு இருந்ததை அன்று தெரிந்துகொண்டோம்.

ராமாயணம் குழந்தைகள் நிகழ்ச்சியா என்று கேட்கலாம். குரங்கு பறக்கிறது, பத்துத் தலை பேசுகிறது, இரண்டு அம்புகள் நடுவானில் முட்டிக்கொண்டு யார் பெரியவர் என்று யோசிக்கின்றன. குழந்தைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? மெட்ராஸ் நிலையம் 'கண்மணிப் பூங்கா' என்று குழந்தைகளுக்காகவே ஒன்றை வைத்திருந்தது. சீருடை போட்ட பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு பாடினார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து தப்பி வந்து பள்ளிக்கூடத்தையே பார்ப்பானேன் என்று நாங்கள் 'வயலும் வாழ்வும்' பார்த்தோம். அதிலாவது டிராக்டர் வந்தது.

கார்ட்டூன் வீரன் ஹீ-மேன் ஆங்கிலத்தில் வந்தான். இளவரசன் ஆதம் வாளை உயர்த்துவான், இடி இடிக்கும், சட்டை காணாமல் போகும், பயந்தாங்கொள்ளிப் புலி வீரப் புலி ஆகிவிடும். வில்லன் ஸ்கெலடார், முகம் முழுக்க மண்டையோடு. அவனைப் பார்த்ததும் அப்பாயியின் மனம் இளகிவிட்டது.

"சோறு போடாம வளத்திருக்காங்க புள்ளைய. அந்தக் கோட்டைக்குள்ள பண்டம் பாத்திரம் எல்லாம் இருக்கு. பசின்னு வர்றவனை இந்தத் தடியன் வாசல்ல நின்னு அடிக்கிறான்."

எட்டு வயதில் எனக்கு வர்க்கப் போராட்டத்தை விளக்கியவள் அவள்தான். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யாரும் ஹீ-மேன் கட்சியில் இல்லை.

1983 முதல் 1985 வரை ஃபில்மேஷன் நிறுவனம் எடுத்த 130 பகுதிகள். மாட்டெல் கம்பெனியின் பொம்மைகள் விற்பதற்கென்றே பிறந்த தொடர். செலவைக் குறைக்க, ஒருமுறை வரைந்த ஓட்டத்தையும் குத்தையும் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஹீ-மேன் எந்த நாட்டில் ஓடினாலும் ஒரே ஓட்டம்தான் ஓடுகிறான் என்பதை என் சித்தப்பா மகன் கண்டுபிடித்து அறிவித்தான். "அதே ஆளு, அதே காலு, வேற எப்படிடா ஓடுவான்?" என்று கேட்டு அப்பாயி அந்த ஆராய்ச்சியை முடித்துவைத்தாள்.

கதை முடிந்ததும் யாராவது ஒருவர் வந்து ஒரு நீதி சொல்வார்கள். ஆங்கிலம் தெரிந்தவர் அப்பா மட்டுமே, மொழிபெயர்ப்பும் அவரே. "ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி வாய்ப்பாடு ஒப்பிக்கணுமாம்." "கத்தரிக்காயை ஒதுக்கி வைக்கக் கூடாதாம்." "அப்பா சட்டைப் பையிலேருந்து கேக்காம காசு எடுக்கக் கூடாதாம்." அமெரிக்காவில் இருக்கிற ஹீ-மேனுக்கு அன்று காலை நான் எடுத்த நாலணா எப்படித் தெரிந்தது என்று பல இரவுகள் தூக்கம் வராமல் கிடந்தேன்.

'மால்குடி டேஸ்' வந்தபோதுதான் சித்தப்பாவின் கொள்கைக்கு உண்மையான சோதனை வந்தது. கதை ஆர்.கே. நாராயண், மெட்ராசில் பிறந்தவர். எழுதியது ஆங்கிலத்தில். இயக்கியவர் கன்னட நடிகர் சங்கர் நாக். எடுத்த இடம் கர்நாடகத்து ஆகும்பே. இசை எல். வைத்தியநாதன், நம் ஆள். சுவாமியாக வந்த மாஸ்டர் மஞ்சுநாத் கன்னடப் பையன். அப்பாவாக வருபவர் கிரீஷ் கர்னாட். பேசுவது இந்தி. இதை எதிர்ப்பதா, ஆதரிப்பதா? சித்தப்பா நெடுநேரம் யோசித்தார். கடைசியில் ஆண்டெனாக் குழாயைக் கம்பி போட்டுத் தூணோடு இறுக்கிக் கட்டிவிட்டுக் கீழே இறங்கி வந்து பாயில் உட்கார்ந்தார். சின்ன வெங்காயம் உரித்தார். அதே கம்பியை ராமாயணத்துக்கு ஏன் கட்டவில்லை என்று கேட்கும் தைரியம் அப்பாயிக்கு மட்டும்தான் இருந்தது, அவளும் கேட்கவில்லை.

அந்தத் தொடரை மட்டும் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை. திண்ணை, ஓடு, பரீட்சைப் பயம், அப்பா வரும் சத்தம் கேட்டதும் புத்தகத்தைத் திறக்கும் கை, எல்லாம் எங்கள் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனவை. தொடக்கத்தில் வரும் ஆர்.கே. லட்சுமணின் படங்களையும் வைத்தியநாதனின் அந்த 'தா ந ந'வையும் இன்று கேட்டாலும் புளி வாசனை வரும். சுவாமியின் பாட்டியை நினைத்து அப்பாயிக்கு ஒரே மனத்தாங்கல்: "அந்தக் கெழவி பாவம். பேரப் புள்ள இந்தியில பேசினா அவளுக்கு என்ன புரியும்?"

அப்பாயியின் மிகப் பெரிய சாதனை மறுபிறவிக் கோட்பாடு. ஒரு விடுமுறையில் மாம்பலத்து அத்தை வீட்டில் ராமானந்த் சாகரின் 'விக்ரம் அவுர் பேதாள்' பார்த்திருந்தாள். 'அம்புலிமாமா' படித்த எங்களுக்கெல்லாம் விக்கிரமாதித்தனும் முருங்கை மரமும் ஓவியர் சங்கர் போட்ட படங்களாகவே மனதில் இருந்தன. அதனால் அங்கே மொழிபெயர்ப்புக்கு வேலை குறைவு. ஆனால் ஆளை மறக்கமாட்டாள் அப்பாயி. அடுத்த இரண்டு வருடத்தில் அருண் கோவில் ராமராக வந்து நின்றதும், "வேதாளத்தைத் தூக்கிச் சுமந்தவன்ல? அந்தப் புண்ணியம். ராமனாப் பொறந்துட்டான்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

1988 அக்டோபரில் பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரதம்' தொடங்கியது. முகேஷ் கன்னா பீஷ்மர். சுரேந்திர பால் துரோணர். இரண்டு பேரும் அம்புப்படுக்கையிலும் போர்க்களத்திலும் முறைப்படி உயிர்விட்டார்கள். 1997இல் 'சக்திமான்' வந்தது. சிவப்பு உடுப்பு மாட்டிக்கொண்டு பம்பரமாய்ச் சுற்றிய சக்திமான், முகேஷ் கன்னா. இருட்டை ஆளும் வில்லன் தம்ராஜ் கில்விஷ், சுரேந்திர பால். தெருவே சுற்றிச் சுற்றி மயங்கி விழுந்துகொண்டிருக்க, அப்பாயி மட்டும் அசையாமல் பார்த்தாள்.

"கல்யாணம் பண்ணிக்கமாட்டேன்னு சத்தியம் செஞ்சாருல்ல பீஷ்மரு, அந்தப் பலம்தான் இப்படிச் சுத்த வைக்குது. துரோணரு ஒரு புள்ளைகிட்டக் கட்டை விரலை வாங்கினாருல்ல, அந்தப் பாவம்தான் இப்படி ஆக்கிருச்சு."

இன்று ஹாலிவுட்டில் கோடி கோடியாகக் கொட்டி, பத்துப் படத்தின் கதாநாயகர்களை ஒரே உலகத்துக்குள் கொண்டுவந்து முடிச்சுப் போடுகிறார்கள். அப்பாயி அதைச் செய்தபோது அவளுக்கு ஆன செலவு ஒரு வாய் வெற்றிலை.

இடையில் 1993 வந்தது. அந்த வருடம் தமிழ்ப் புத்தாண்டன்று சன் டிவி பிறந்தது. அதே வருடம் தூர்தர்ஷனில் மௌக்லி வந்தான். கிப்ளிங் எழுதிய இந்தியக் காட்டுக் கதை ஜப்பானில் கார்ட்டூனாகி, குல்சாரின் பாட்டோடும் விஷால் பரத்வாஜின் இசையோடும் இந்தி பேசிக்கொண்டு திரும்பி வந்தது. புலி ஷேர்கானுக்கு நானா படேகரின் குரல். மீசை அரும்பிய வயதில், தம்பி தங்கைகளுக்குத் துணை என்ற பேரில் நான் பார்த்தேன். அப்பாயியின் கேள்வி எளியது: இத்தனை ஓநாய் இருந்தும் ஒன்றாவது அந்தப் பிள்ளைக்கு ஒரு டவுசர் தைத்துக் கொடுக்கக் கூடாதா?

பிறகுதான் விபரீதம். டெல்லித் தொடர்களைத் தமிழில் மாற்றித் தர ஆரம்பித்தார்கள். 'ஜுனூன்' வந்தது. உதட்டசைவுக்கு ஏற்றபடி வினைச்சொல் நடுவில் வரும். யார் யாரை என்ன செய்தார்கள் என்பது மூச்சு வாங்கியபின் வரும். அந்தப் பேச்சுக்கு 'ஜுனூன் தமிழ்' என்றே பெயர் வைத்தது தமிழ்நாடு. சிங்களம், இந்தி, ஆங்கிலம் மூன்றையும் பத்து வருடமாகத் தங்குதடையின்றிப் புரிந்துகொண்ட அப்பாயிக்கு வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு மொழி புரியவில்லை. "என்னடா பாஷை இது?" என்றாள். தமிழ் என்றோம். நம்பவில்லை.

கேபிள் வந்தபின் ஒவ்வொரு அறைக்கும் ஒரு பெட்டி, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சேனல் என்று ஆயிற்று. படம் தெளிவாகத் தெரிந்ததால் விளக்கம் சொல்ல ஆள் தேவைப்படவில்லை. அப்பாயி கூடத்தில் தனியாகப் புளிக்கொட்டை எடுத்தாள். கடையில் கொட்டை நீக்கிய புளி வந்ததும் அந்த வேலையும் போயிற்று.

அவளுக்கு மறுவாழ்வு கொடுத்தவள் டோரா. 2007 ஏப்ரலில் சுட்டி டிவி வந்து, அமெரிக்காவின் டோரா தமிழ் பேசினாள். கூடவே குரங்கு புஜ்ஜி. என் மகளுக்கு நான்கு வயது, அப்பாயிக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. டோராவிடம் ஒரு பழக்கம் உண்டு. மலை எங்கே என்று நம்மைப் பார்த்துக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நிற்பாள்.

அப்பாயி அதிர்ந்து போனாள். கால் நூற்றாண்டாக அவள் பெட்டிக்குள் இருப்பவர்களுக்கு யோசனை சொல்லிவந்தாள். சீதையைக் கோட்டைத் தாண்டாதே என்றாள், தாண்டினாள். தருமனைச் சூதாட வேண்டாம் என்றாள், ஆடினான். யாரும் அவளை ஒரு பொருட்டாக மதித்ததில்லை. இப்போது ஒரு சின்னப் பெண் கதையை நிறுத்தி வைத்துவிட்டு அவளிடம் வழி கேட்கிறது.

"உனக்குப் பின்னாடிதான்டி இருக்கு, கண்ணு தெரியலயா?" என்றாள். டோரா திரும்பிப் பார்த்து, ஆமாம், மலை அங்கேதான் இருக்கிறது என்று நன்றி சொன்னாள். அன்று முதல் அந்த நேரத்துக்கு யார் கூப்பிட்டாலும் அப்பாயி எழுந்து வரமாட்டாள். "அந்தப் பொண்ணு தனியாப் போவுது" என்பாள். குள்ளநரியிடம் திருடக் கூடாது என்று மூன்று தடவை சொன்னால் போதும், அது கையை உதறிவிட்டுப் போய்விடும். ஓய்வு பெற்ற அப்பாவுக்கு இது மட்டும் பொறுக்கவில்லை. "முப்பது வருஷம் தாலுகா ஆபீஸ்ல இருந்தேன். மூணு தடவை சொல்லி ஒருத்தன்கூடத் திருந்தல" என்பார்.

இந்தப் பழைய தொடர்களில் பலவற்றை இன்று யூடியூபில் பார்க்கலாம். சொந்தப் பணத்தில் சோதித்துப் பார்த்துச் சொல்கிறேன்: மால்குடி நிற்கிறது, மௌக்லி பரவாயில்லை, ஹீ-மேனைப் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்க முடியாது. பெரும்பாலானவை அன்றைக்கே சுமார் ரகம்தான். அவற்றை நல்ல நிகழ்ச்சி ஆக்கியவர்கள் பெட்டிக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே, உங்கள் வீட்டுக் குழந்தை செல்போனில் எதையோ தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தால், பிடுங்காதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். கதை புரியவில்லையென்றால் ரொம்ப நல்லது. வாய்க்கு வந்ததைச் சொல்லுங்கள்.